கல்கத்தாவுக்கு ஒரு பிரதி

12-3-1969
பரசுராமனின் புத்தகம் இன்று என் அச்சகத்தில் கட்டி முடிந்தது. நூறு பிரதி. மாகறல் சேரியில் பண்ணையாட்களாக உழைத்துச் செத்தவர்களின் பெயர்கள். வாத்தியார் வேலை நேரம் போக, ஆறு வருஷம் வீடு வீடாகக் கேட்டு எழுதியிருக்கிறான். எந்தப் புத்தகம் அச்சானாலும் முப்பது நாளில் ஒரு பிரதி கல்கத்தா தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும், அது சட்டம், வெளியிடுகிறவன் என்ற முறையில் நானே அனுப்புவேன் என்று சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

"கோயில் சுவத்துல நம்ம ஜனங்க பேரு ஒண்ணு கெடையாது வேலாயுதம். அங்க வெச்சா யாரும் எடுத்துக் கடாச முடியாதுல்ல?"

2-5-1969
"அனுப்பிட்டியாபா?" என்றான் பரசுராமன். அனுப்பிவிட்டேன் என்றேன். கல்கத்தாவுக்கென்று எடுத்து வைத்திருந்த பிரதியைப் போன வாரம்தான் என் வாடிக்கைக்காரர் தென்னேரி தணிகாசலத்துக்குக் கொடுத்தேன் — ஆசையாகக் கேட்டார். வேறொன்றை அனுப்பினால் ஆயிற்று.

19-11-1970
பரசுராமன் போய்விட்டான். மஞ்சள் காமாலை.

6-4-1971
மாகறல் சேரியில் தீ. ஒரு கூரைகூட மிஞ்சவில்லை. வீட்டுக்கு ஒன்றாகப் பரசுராமன் கொடுத்த புத்தகங்கள், அவன் பெட்டியிலிருந்த மீதி, கையெழுத்துப் பிரதி — எல்லாம் போயிற்று. என்னிடமும் ஒன்றில்லை.

10-4-1971
அவன் மனைவி பூவம்மாள் வந்தாள். முழங்கையில் தீக்காயம்.

"ஒண்ணுகூட மிச்சமில்லண்ணா. கல்கத்தாவுல ஒண்ணு இருக்குதுன்னு சாவற வரிக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. எழுதிக் கேளுங்கண்ணா."

சரிம்மா என்றேன். அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன மனுஷன் நான்?

11-4-1971
தென்னேரிக்கு ஓடினேன். தணிகாசலம் வீட்டுப் பரணில் இருந்தது. இருந்தது!

13-4-1971
புத்தகத்தைப் பூவம்மாளிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் மகள் காந்தாவிடம், தன் அம்மா பொன்னியம்மாள் பெயர் எங்கே என்று கேட்டாள். அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"திரும்ப அச்சடிச்சுத் தர்றேம்மா."

"உங்க கையால வேணாம்."

புத்தகத்தைக் காந்தா கையில் கொடுத்து, "மொதல்ல காந்தா எல்லாப் பேரையும் நோட்டுல எழுதிக்கட்டும். அப்புறம் இத கல்கத்தாவுக்கு நானே போட்டுடறேன். அவரு பொய் சொன்னவரா ஆவக் கூடாது" என்றாள்.

பொய் சொன்னவன் நான்.

14-4-1971
அவள் நேற்று ஒரு தடவைகூட என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

2-8-1971
நூலகத்தின் ரசீது வந்தது, என் அச்சக விலாசத்துக்கு. புத்தகத்தில் அதுதானே இருக்கிறது. மாகறலுக்குக் கொண்டுபோனேன். பூவம்மாள் பிரித்து, அதில் பரசுராமன் பெயர் எது என்று காந்தாவைக் கேட்டுப் பார்த்தாள். மடித்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

என்னை உட்காரச் சொல்லவில்லை. கொஞ்சநேரம் வாசலில் நின்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.