மச்சான் பிடிக்கும் கயிறு

இன்று காலை என் பட்டறைச் சுவரில் சுவரொட்டிப் பசை நாறியது. மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பசை. ஸ்பானரைத் தொட்ட கையிலும் அந்த வாடை ஏறிக்கொண்டது. நம் வார்டுக்கு மறுபடியும் தேர்தல். மறுபடியும் அந்தக் கட்சியின் சுவரொட்டி. கிழிக்காமல் உள்ளே வந்தேன். பயம்தான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, நீதான் போய்விட்டாயே.

முத்துக் குளிக்கும் சலாபம் நின்று பல வருஷங்கள் ஆகியிருந்த காலம். கடலில் சங்குதான் சோறு போட்டது. நீ சங்கு குளிக்கிறவன். நான் சங்குத் தோணிகளோடு கூடப் போகும் மோட்டார் லாஞ்சில் இஞ்சின் பார்க்கிறவன். கனமான கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்குவாய். மூச்சு முட்டும்போது இடுப்பில் கட்டிய கயிற்றைச் சுண்டுவாய். தோணியில் நிற்பவன் உடனே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் கூடப்பிறந்தவனிடம்தான் கொடுப்பது உங்கள் வழக்கம். தன் தங்கை விதவையாக எவனும் சம்மதிக்கமாட்டான் என்கிற கணக்கு. எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது.

"ஒரு கப்பியும் கைப்பிடியும் மாட்டினா மச்சானே வேண்டாம்லே," என்றேன்.

"கப்பிக்குத் தங்கச்சி உண்டாலே, இஞ்சினு?" என்று கேட்டாய். 'இஞ்சினு' நீ எனக்கு வைத்த பேர்.

கயிறு பிடித்த உன் மச்சினன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனபோது கயிறு சுடலையின் கைக்கு வந்தது. பனங்காட்டு ஊரிலிருந்து தோணி வேலைக்கு வந்தவன். உன்னைப் போல் முஸ்லிம் இல்லை, உறவுமில்லை. ஆனால் கயிறு பிடித்த அன்றே உன்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தான். நீ அவனைத் திருத்தவே இல்லை.

யுத்தம் முடிந்த கையோடு வந்த நகரசபைத் தேர்தலில்தான் அந்தக் கட்சி முதலில் நின்றது. நாடு ஒரே மதத்தாருக்குத்தான் என்றார்கள், மற்றவர்கள் அடங்கி இருக்கட்டும் என்றார்கள். வேட்பாளருக்கு ஒரு நிறமாக ஓட்டுப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். அவர்கள் பெட்டி கிட்டத்தட்டக் காலி. "அந்தப் பெட்டிய நம்மகிட்ட குடுத்தா அரிசியாவது போட்டு வைக்கலாம்," என்றாய். நம்மோடு சேர்ந்து சுடலையும் சிரித்தான்.

பிறகு அந்தக் கட்சிக்காரர்கள் உப்பளத்துப் பக்கம் காலையில் கம்பு சுற்றச் சொல்லிக்கொடுத்தார்கள். உடம்புக்கு நல்லது என்று சுடலை போனான். நாடு பிரிந்து, வடக்கேயிருந்து வெட்டும் குத்துமாகச் செய்தி வர வர அங்கே கூட்டம் பெருகியது. ஒருநாள் தோணியில் அவன் மச்சான் என்று சொல்லாமல் உன்னை "சாயபு" என்று கூப்பிட்டான்.

நீ பின்னால் திரும்பிப் பார்த்தாய். "யாரலே கூப்பிடுத? எங்க வாப்பாவும் தோணியில வந்திருக்காவளா?"

தோணியே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அந்த வருஷமே வார்டுக்கு வந்த இடைத்தேர்தலுக்குக் கடற்கரையில் கூட்டம் போட்டார்கள். நாம் ஓரமாக நின்று கேட்டோம். வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் கேட்டார்: "கடலுக்குள் இறங்குகிறார்களே அவர்கள், அவர்கள் மூச்சு யார் கையில் இருக்கிறது? நம் கையில்!" கைதட்டல். முன்வரிசையில் சுடலையும் தட்டினான். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "வா, போவோம்." வழியெல்லாம் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாய்.

அந்தத் தடவை அவர்கள் வார்டைப் பிடித்தார்கள். மறுநாள் விடியற்காலை துறையில் உன்னை மறித்து நின்றேன்.

"வேற ஆளப் பிடி. இல்ல, கயித்து நுனியத் தோணியிலயே முடிஞ்சு போடு."

"முடிஞ்ச கயிறு இழுக்குமா? படிச்சவன் பேசுத பேச்சா இது?"

"அப்போ அவன மாத்து."

"மாத்துனா நான் அவன நம்பலைன்னு ஆயிரும்லே. நம்பலைன்னு தெரிஞ்ச பெறவு, அவன் எதுக்காக இழுக்கணும்?"

கோபத்தோடு போய் லாஞ்சில் ஏறினேன்.

அன்று லாஞ்சிலிருந்து உன் தோணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இறங்கியிருந்தாய். பக்கத்துத் தோணியில் யாரோ வெற்றியைப் பற்றிக் கத்தினார்கள். சுடலை அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினான். அவன் கையிலிருந்த கயிறு துடித்தது. மறுபடியும் துடித்தது. நான் கத்தியது இஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அப்புறம்தான் இழுத்தான். நீ மூக்கில் ரத்தத்தோடு மேலே வந்தாய்.

சாயங்காலம் கேட்டேன்: "வேணும்னு செஞ்சானா, கவனிக்கலையா?"

"அது தெரிஞ்சாப் போதுமே. வேணும்னு செஞ்சான்னா சண்டை போடுவேன். கவனிக்கலைன்னா ஏசிட்டு நாளைக்கும் இறங்குவேன். தெரியலையேலே. கீழ போயி, தெரியாம எப்படி மூச்ச அடக்க?"

அதற்குப் பிறகு நீ கடலில் இறங்கவில்லை. அந்த மாதமே கொழும்புத் தோணியில் ஏறிப் போனாய். சுடலையிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

டில்லியில் பிரார்த்தனைக்குப் போன கிழவரைச் சுட்ட பிறகு கட்சிக்காரர்கள் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார்கள். கம்பு சுற்றிய மைதானத்தில் ஆடு மேய்ந்தது. அதோடு ஒழிந்தது என்று நினைத்தேன். உனக்குச் சொல்லி அனுப்பி வரவழைக்கலாம் என்றுகூட நினைத்தேன். அதற்குள், நீ காய்ச்சலில் போய்விட்டாய் என்று கொழும்பிலிருந்து வந்த தோணிக்காரர் சொன்னார். கேட்டதும் சுடலை பட்டறை வாசலில் உட்கார்ந்து அழுதான். "மச்சான் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே அண்ணாச்சி. நான் கயித்த விட்டுருவேன்னா நெனச்சான்?" அழுகை நிஜம்தான். ஆனால் அவன் வேண்டுமென்றே செய்தானா என்று உன்னைப் போலவே எனக்கும் தெரியவில்லை.

இன்று மத்தியானம் அதே சுடலை வந்தான். பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

"நாளைக்குச் சாயங்காலம் கூட்டம் அண்ணாச்சி. மைக் செட்ட நீங்கதான் பாத்துக்கிடணும். உங்கள விட்டா ஊர்ல யாருக்குத் தெரியும்?"

பணிவாகத்தான் கேட்டான். அந்த நாலு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவனாக இருந்தாலும் முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறவன் நான். முடியாது என்ற ஒரு சொல் வரவில்லை. "பாக்கலாம்," என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

நீ விட்டுப்போனதில் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பயம் மட்டும்தான். நீ சுடலையின் கையை நினைத்துப் பயந்தாய். நான் என் கையை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறேன். நாளைச் சாயங்காலம் அது மைக்கை மாட்டுமா, மாட்டாதா என்று எனக்கே தெரியவில்லை.