நாற்பத்தோராம் இலக்க வண்டியை நசுக்க வேண்டாம்

அனுப்புநர்:
திருமதி கௌரி பாலச்சந்திரன்,
மணப்பெண் அலங்காரம், கல்யாண வாகன வாடகை,
லா சப்பல், பாரிஸ்.

பெறுநர்:
அரச வழக்குத்தொடுநர் அவர்கள்,
பொபினி நீதிமன்றம்.

பொருள்: என் தம்பி கீர்த்தனன் மீதான வழக்கில் மிஞ்சியிருக்கும் ஒரே தடயமான காரை 20.06.2016 அன்று நசுக்குவதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவைத் தமிழில் எழுதி, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கிறேன். எந்த வரியையும் மென்மையாக்க வேண்டாம் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.

1. மணப்பெண்ணை மண்டபத்துக்கு ஏற்றிவரும் கார் தெருவே அதிர உறுமிக்கொண்டு வந்தால்தான் இப்போது எங்கள் சனத்துக்குத் திருப்தி. அதனால், மொத்தம் முந்நூறே செய்யப்பட்ட ஓர் அமெரிக்க மசில் காரை வாங்க, கடந்த பெப்ரவரியில் நானும் தம்பியும் ஒபர்வில்லியேயில் உள்ள ஒரு விற்பனை நிலையத்துக்குப் போனோம். அங்கே விற்பனையாளர் குணரத்தினம், எங்கள் ஊரவர்.

2. முதலில் காட்டிய காரின் உள்ளே 26 என்று வரிசை இலக்கம் பொறித்த தகடு இருந்தது. கீர்த்தனன் கராஜில் வேலை பழகியவன். அடியில் படுத்துப் பார்த்து, நல்ல வண்டி என்றான். இரண்டும் ஆறும் எட்டு. எட்டாம் எண் வண்டியில் எந்தத் தாய் தன் மகளை ஏற்றுவாள்? வேண்டாம் என்றேன். பத்து நாளில் குணரத்தினம் 41ஆம் இலக்க வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கூட்டினால் ஐந்து, ராசியான எண். இலக்கம் அரிது என்று பட்டியல் விலைக்கு மேல் பதினெட்டாயிரம் யூரோ வாங்கினார். நாங்கள் பார்த்துத்தான் வாங்கினோம்.

3. மே 14ஆம் திகதி, செவ்ரானில் இருந்து மணப்பெண்ணை ஏற்றிவரத் தம்பி அந்தக் காரில் போனான். சீர்வரிசைத் தட்டுகளுடன் நான் பின்னால் வான் வண்டியில் போனேன். என் வண்டியின் வேகம் மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர்; எங்களுக்கு இடையே இருபது மீற்றர்கூட இல்லை. ஒரு வளைவில் கார் இருக்கைகளின் அடியில் இரண்டாகப் பிளந்தது. முன்பாதி சுழன்று பஸ் தரிப்பிடத்தில் மோதி, அங்கே நின்ற ஒரு பெண்மணியின் இடுப்பை முறித்தது. தம்பியை நான் இழுத்தபோது உடம்பு வந்தது, கால்கள் வரவில்லை. என் சேலையைக் கிழித்துத் தொடைகளைக் கட்டினேன். இரத்தம் என் முழங்கை வரை சூடாக ஓடியது. முன்மூடியில் கட்டிய பூமாலை அப்படியே கிடந்தது.

4. அளவுக்கு மீறிய வேகமே காரணம் என்று குணரத்தினம் எழுதிக் கொடுத்திருக்கிறார். உறுமல் கேட்ட வழிப்போக்கர்களும் அதையே சொன்னார்கள். அதை வைத்தே, அந்தப் பெண்மணியைக் காயப்படுத்தியதாகத் தம்பிமீது வழக்கு. அந்த வண்டி நின்ற இடத்திலும் உறுமும் ஐயா. அதற்குத்தான் சனம் காசு கொடுக்கிறது.

5. மே 17ஆம் திகதி, வண்டியின் பழைய பத்திரங்களைக் கேட்க விற்பனை நிலையத்துக்குப் போனேன். நான் வேண்டாம் என்ற முதலாவது கார் அங்கே நின்றது. கதவோரத்தில் அதே கீறல். உள்ளே தகடு மட்டும் மாறியிருந்தது: 14. அதுவும் ஐந்து. இலக்கம் என்பது அவர்களுக்கு இரண்டு திருகாணி வேலை. நான் வேலைமேசையில் கிடந்த சம்மட்டியை எடுத்துக் கண்ணாடியை உடைத்தேன். குணரத்தினம் என் கொண்டையைப் பிடித்து முகத்தை முன்மூடியில் இரண்டு தரம் அடித்தார். என் பற்கள் மூன்று அங்கேயே விழுந்தன. நான் அவருடைய முழங்காலில் சம்மட்டியை இறக்கினேன். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. இன்னொரு முறையும் ஓங்கினேன், மற்றவர்கள் பிடித்துவிட்டார்கள். அதற்காக நான் வருந்தவில்லை. அந்த வழக்கைத் தனியாகச் சந்திப்பேன்.

6. இரண்டாம் பந்தியில், பார்த்துத்தான் வாங்கினோம் என்று எழுதினேன். அது முழு உண்மை அல்ல. 41ஆம் இலக்க வண்டிக்கு அடியிலும் தம்பி படுத்துப் பார்த்தான். எழும்பி வந்து, குணரத்தினத்துக்கு முன்னாலேயே சொன்னான்: "அக்கா, உது ரெண்டு காரை ஒட்டின வண்டி. சீற்றுக்குக் கீழை வெல்டிங் பிடிச்சு, மேலை கறுப்புப் பெயின்ற் அடிச்சிருக்கினம். வேண்டாம்." நல்ல காரியத்துக்கு வாங்கும்போது அபசகுனமாகப் பேசாதே என்று நான் அவன் வாயை அடைத்தேன். அன்றே கையொப்பமிட்டேன். வண்டி என் பெயரில் இருக்கிறது.

7. அவனோ, குறை எதுவும் தெரியவில்லை என்று பொலிசாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஏனடா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "என்ரை கால் போட்டுது அக்கா. நீயும் உள்ளுக்குப் போய் என்ன காணப் போறம்?" என்றான். அதன்பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆகவே ஐயா, அந்த வண்டியை நசுக்குவதற்கு முன் ஒரு நிபுணரைக் கொண்டு இருக்கைகளுக்குக் கீழே சுரண்டிப் பார்க்கக் கட்டளையிடுங்கள். கறுப்புப் பெயின்றுக்குக் கீழே என் தம்பி கண்டது இருக்கும். அதன்பின் அவன் மீதான குற்றச்சாட்டை நீக்கி, தெரிந்தே அவனை அந்த வண்டியில் ஏற்றிய என்மீதும், அதை விற்றவர்கள்மீதும் வழக்குப் பதியுங்கள்.

வழக்கு நாளில் அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வர என்னால் முடியாது. என்னைக் கூப்பிடுங்கள். நான் நடந்து வருவேன்.

இடம்: லா சப்பல், பாரிஸ்
திகதி: 06.06.2016

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கௌரி பாலச்சந்திரன்