அம்மாவின் முடி

ஜூலை 19, வெள்ளி, இரவு

அம்மா இன்று சிறுவாச்சூர் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டாள். எனக்காக வேண்டுதல்.

போன மாதம் மோட்டார் கொட்டகையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஹெவி மெட்டல் பாடகர்களைப் போல அடித்தொண்டையில் உறுமிப் பழகிக்கொண்டிருந்தேன். தோள்வரை வளர்த்த முடியை விரித்துப்போட்டுத் தலையைச் சுழற்றினேன். நிமிர்ந்தால் வாசலில் அம்மா. சாப்பாட்டுத் தூக்கு கீழே கிடந்தது.

"நீ யாரா இருந்தாலும் எம்புள்ளைய வுட்டுப் போயிடு" என்று கும்பிட்டாள்.

அது பாட்டும்மா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இந்தப் பாட்டைக் கிண்டல் செய்த ஆபீஸ் நண்பனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவன் நான். அம்மாவிடம் மட்டும் வெட்கப்பட்டு, பேய் என்றே இருக்கட்டும் என்று நின்றுவிட்டேன். அவள் பூசிய விபூதியையும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்சில், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கேட்டாள்: "இப்ப அது வரலியேப்பா?"

"வரலம்மா."

"உம்முடின்னா உனக்கு உசுரு. அதான் என்னுத குடுத்துட்டேன்."

ஜன்னல் காற்றில் என் முடி அவள் முகத்தில் விழுந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் அதை என் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.