காமாலைக்காரி சாப்பிட்ட பந்தி

ராணுவ முகாம், அஸ்ஸாம்
5.1.2025

பாப்பா துர்காவுக்கு, உன் அண்ணன் காளீஸ்வரன் எழுதுவது.

குளிரில் பல் தந்தியடித்தாலும் நான் சுகம். போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் பார்க்கிறாய், பதில் இல்லை. அதான் பேனாவைப் பிடித்துவிட்டேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், சிரிக்காமல் படி.

அம்மாவிடம் கேட்டால், "புள்ளைக்கு மஞ்சக்காமாலைடா" என்கிறாள். அய்யாவோ, "படிக்கக் கள்ளப்பட்டுக்கிட்டு நடிக்கிறா" என்கிறார். தீபாவளிக்கு வந்த காமாலை பொங்கல் வரைக்குமா இருக்கும்? வாலிபால் ஆடுகிற இடத்திலிருந்து உன்னை வீட்டுக்கு இழுத்துவர நான் கம்பெடுத்த காலம் உண்டு. இப்போது நீ பந்தையே தொடுவதில்லையாம். என்ன ஆச்சு பாப்பா? என்னிடம் சொல். சத்தியமாகத் திட்டமாட்டேன்.

உன் அண்ணன்,
காளி

சிக்கல்
2.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

காமாலை இல்லை. இதை எழுதி முடிக்கவே எனக்குப் பல நாளாகிவிட்டது.

காலையில் எழுந்திருக்க முடியவில்லை அண்ணா. சோம்பல் இல்லை, முடியவில்லை. தலை வாராமல் சிக்குப்பிடித்து, அம்மா கத்தரியை எடுத்துவிட்டாள். டீம் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள், தூங்குவதுபோல் கிடந்தேன். புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. நான் இல்லாமல் போனால் யாருக்கும் தொந்தரவு இருக்காது என்றுகூடத் தோன்றியது. பயந்துபோய் அதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கே அவள் என்னை ராமநாதபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் அம்மா, "இதுக்குப் பேரு மனச்சோர்வு. காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோவுதான், சரியாயிரும்" என்று மாத்திரை கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாண்டியம்மாள் அத்தை வந்து உட்கார்ந்தாள். "புள்ளைக்கு என்ன?" என்றாள். அம்மா வாயில் காமாலை வந்துவிட்டது. மனசில் நோவு என்றால் நாளைக்கு எவன் பெண் கேட்பான் என்ற பயம். அவ்வளவுதான்! மறுநாள் விடியும்போதே அத்தை கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு வந்து நின்றாள். உப்பில்லாக் கஞ்சி, எண்ணெய் கூடாது, கறி மீன் கூடாது. ஊரே எனக்குப் பத்தியக் காவல்.

ஒரு மாதம் கழித்து மாத்திரையைப் பார்த்துவிட்டு, நாட்டு மருந்து சாப்பிடும்போது இங்கிலீஷ் மாத்திரை ஆகாது என்று அத்தை சொல்ல, அம்மா மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தவள் மறுபடியும் படுத்துவிட்டேன். அந்த நினைப்பும் திரும்ப வருகிறது அண்ணா.

துர்கா

முகாம்
9.2.2025

பாப்பா,

படித்துவிட்டு நான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரன் என்ன ஏதென்று எழுந்து வந்துவிட்டான். உடனே அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அய்யாவிடமும் கத்தினேன், வாழ்க்கையிலேயே முதல் தடவை. மாத்திரையை எழுதினவர்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும், அத்தை யார்? நாளைக்கே உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த நினைப்பு வந்தால் அந்த நிமிசமே அம்மாவை எழுப்பு. தனியாக இருக்காதே. ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். இப்போது சொன்னாயே, அது போதும்டி தங்கம்.

காளி

சிக்கல்
23.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

டாக்டர் அம்மாவிடம் நம் அம்மா வாங்கிய திட்டைக் கேட்டிருந்தால் நீ பாவப்பட்டிருப்பாய். மாத்திரை மறுபடி ஆரம்பித்து, இப்போது தூக்கம் ஒழுங்காக வருகிறது. வாரா வாரம் அங்கே மனநல ஆலோசகர் அக்கா ஒருவரிடம் உட்கார்ந்து பேசுகிறேன். பள்ளிக்கூடம், மார்க், பயம் எல்லாம். அவர் அதிகம் அறிவுரை சொல்வதில்லை, கேட்கிறார். ராத்திரி போனைத் தள்ளி வை, காலையில் வெயில் படும்படி நட, சின்ன வேலை ஒன்றை முடி என்றார்.

அய்யாதான் விடியலில் எழுப்புகிறார். மிளகாய்க் காட்டுக்கு நடக்கிறோம். முதல் நாள் ஒரு செடியில் பழம் பறித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது ஒரு நிரை முடிக்கிறேன். சில நாள் போகவே முடியாது. அய்யா திட்டாமல் தனியாகப் போய்விட்டு வந்து, "நாளைக்கு வாரியாத்தா?" என்பார்.

ஆனால் உப்பில்லாக் கஞ்சி மட்டும் இன்னும் ஓயவில்லை. அத்தை நாக்கைக்கூட நீட்டச் சொல்லிப் பார்க்கிறாள்!

துர்கா

சிக்கல்
14.4.2025

என் அன்பு அண்ணனுக்கு,

காளியம்மன் கோயிலில் கெடாவெட்டு. ஊரெல்லாம் பந்தியில். நானும் போய் இலை முன்னால் உட்கார்ந்தேன். கறி வந்தது. "போடுங்க" என்றேன். பாண்டியம்மாள் அத்தை எதிர்வரிசையிலிருந்து அலறினாள்: "ஏத்தா! காமாலைக்காரி கறி திங்கலாமா? செத்துப்போவடி!"

பந்தியே என்னைப் பார்த்தது. அம்மா முகம் வெளுத்துவிட்டது. நான் எழுந்து நின்றேன் அண்ணா.

"எனக்குக் காமாலையே இல்லத்தே. மனச்சோர்வு. ராம்நாட்டுல டாக்டர்கிட்டப் பாக்கறேன், மாத்திரை திங்கிறேன், நல்லாகிட்டு வாரேன். நீங்க அரைச்சுக் குடுத்த கீழாநெல்லிய அம்புட்டும் குடிச்சிருக்கேன், இப்பக் கறியத் திங்க விடுங்க."

அப்புறம் அய்யா வந்தார். பரிமாறுகிறவர் கையிலிருந்து வாளியை வாங்கி, என் இலையில் கறியைக் குவித்தார். "எம் மக திம்பா. யாருக்கு என்ன?" என்றார். அத்தை பேந்தப் பேந்த விழித்துவிட்டு, "அடி கூறுகெட்டவளே, மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன்டி விடியுமுன்னால கொல்லை கொல்லையாக் கீழாநெல்லி தேடி அலையப்போறேன்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் அழுதுகொண்டே சிரித்தாள்.

சாயங்காலம் மேலத்தெரு இராமலட்சுமி சித்தி கொல்லைப்பக்கமாக வந்தாள். "எங்க மக மகேஸ்வரியும் கதவைச் சாத்திக்கிட்டே கெடக்கா. காத்துக்கருப்புன்னு கயிறு கட்டிவிட்டோம். அது எந்த டாக்டருத்தா?" என்றாள். அடுத்த தடவை நான் போகும்போது மகேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். ஜன்னலோர சீட்டு அவளுக்குத்தான்.

மாத்திரை இன்னும் கொஞ்ச காலம் உண்டு. மோசமான நாளும் வரும், வரட்டும். ஜூனில் மறுபடி பள்ளிக்கூடம் போகிறேன். நேற்று பந்தைத் தொட்டேன், முதல் சர்வீஸே வலையில் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான் எடுப்பேன்.

உன் தங்கச்சி,
துர்காதேவி