டெஸ்ஸைத் தொடக்கூடாது

செப்டம்பர் 3, செவ்வாய்

க்ளினிக்குக்கு வந்த மிஸஸ் டாய்லின் பூனைக்கு வாலடியில் முடி கொட்டி, முதுகெல்லாம் கடுகு தூவியது போலப் பொருக்கு. தெள்ளுப்பூச்சி கடித்து வந்த ஒவ்வாமை என்றேன்.

"எங்க வீட்டுல தெள்ளுப்பூச்சியா? நான் தினம் தரை தொடைக்கிறவ, நோலீன்!"

பூனையைச் சீப்பால் வாரி, உதிர்ந்த கறுப்புத் தூளை ஈரத்தாளில் தட்டிக் காட்டினேன். சிவப்பாகப் பரவியது. பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். அதற்குப் பிறகும், "பக்கத்து வீட்டுப் பூனையோடதா இருக்கும்" என்கிறாள். இந்த ஊரில் எந்த வியாதியும் சொந்த வீட்டில் பிறப்பதில்லை.

சாயங்காலம் பண்ணைக்குத் திரும்பினால், எங்கள் ஆட்டுநாய் டெஸ் சங்கிலியோடு உட்கார்ந்து சொறிந்துகொண்டிருக்கிறது. முழங்கையில் தோல் தெரிகிறது. காது விளிம்பில் பொருக்கு. பார்க்கிறேன் என்று போனேன். என் புருஷன் ட்ரெவர் கொட்டகையிலிருந்தே கத்தினான்: "தொடாத!"

அவனுடைய சட்டம் அது. ஆடு மேய்க்கும் நாயை ஒருவன்தான் தொட வேண்டும், ஒருவன்தான் சோறு போட வேண்டும். வீட்டு வாசற்படி ஏறவே கூடாது. ஏறினால் கெட்டுப்போகுமாம். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் இப்படித்தான். டெஸ்ஸைத் தாய் வயிற்றைக் கீறி வெளியே எடுத்தவள் நான். மூச்சில்லாமல் கிடந்ததைத் தேய்த்துத் தேய்த்து அழவைத்ததும் இந்தக் கைதான். அதற்குப் பிறகு நான் அதைத் தடவியது கிடையாது.

செப்டம்பர் 5, வியாழன்

சாப்பாட்டு மேஜையில் சண்டை.

"புல்லு விதை குத்திருக்கும். விடு."

"விதை குத்தினா ஒரு எடத்துல நக்கும். இது ஒடம்பெல்லாம் சொறியுது. ஓடைப் பக்கம் நரிப் பொந்து இருக்கு, அங்கேர்ந்து ஒட்டியிருக்கும். சொறி சிரங்கு, ட்ரெவர்."

"ஒன் டாக்டர் வேலைய க்ளினிக்கோட வச்சுக்க."

அறுபது மைல் தள்ளியிருக்கிறவன்கூட நாயை வண்டியில் போட்டுக்கொண்டு என்னிடம் வருகிறான். உள்ளூர் மாடு விலை போகாது. அதிலும் ஒரே கொட்டகை மாடு!

செப்டம்பர் 10, செவ்வாய்

கடைசியில் அவனே டெஸ்ஸைக் க்ளினிக்குக்குக் கூட்டிவந்தான். நான் தோற்பதைப் பார்க்கத்தான் வந்தான் போல. பல இடங்களில் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. நர்ஸ் கெய்லீனும் தேடினாள். இல்லை.

"பாத்தியா!" அவன் முகத்தில் என்ன சந்தோஷம்.

சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணி தோலைக் குடைந்து உள்ளே போய்விடும். சுரண்டலில் சிக்காமல் போவது சகஜம். அதனால்தான் காதை மடித்துத் தேய்த்துப் பார்ப்போம். தேய்த்தேன், டெஸ்ஸின் பின்கால் காற்றில் உதைத்து உதைத்துச் சொறிந்தது. "இதுக்கு மேல என்ன வேணும்? மாசம் விட்டு ரெண்டே மாத்திரை. ஒண்ண இப்பவே குடுத்துடறேன்."

"நீ கண்டுபிடிக்காத வியாதிக்கு நான் ஏன் மருந்து குடுக்கணும்? போட்டி முடியட்டும்."

அக்டோபர் விடுமுறையில் ஆட்டுநாய்ப் போட்டி. அதற்கு முன் மருந்து கொடுத்தால் நாய் மந்தமாகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். யாரோ சொன்னால் கேட்பான். சட்டையைத் தூக்கி இடுப்பைச் சொறிந்துகொண்டே போனான். அங்கே வரிசையாகச் சிவப்புத் தடிப்பு. கேட்டால் என் சோப்புத்தூள்தான் காரணமாம்.

கறித்துண்டில் மாத்திரையை ஒளித்து டெஸ்ஸுக்கு வீசிவிட்டால் என்ன என்று கெய்லீன் கேட்டாள். செய்யலாம். ஆனால் என் வீட்டிலேயே நான் திருடி மாதிரி மருந்து கொடுக்க வேண்டுமா? மாட்டேன். அவன் கேட்டு வாங்கட்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

வெள்ளைப் பூனை ஒன்று. காது நுனியில் ஆறாத புண். சண்டைக் காயம் என்று நினைத்துக் கோடை முழுக்கக் களிம்பு தடவியிருக்கிறார்கள். வெயில் கொடுத்த புற்று அது. இரண்டு காதையும் எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும்.

இன்று அனெட் வந்தாள். போட்டிக் குழுவின் செயலாளர், தபாலாபீஸ் மாடியில் தனியாக இருப்பவள். மடியில் டஃபி, வெள்ளைச் சடை நாய்க்குட்டி. தரையில் கால் படாமல் வளர்கிறது. அதற்கு முழங்கையில் பொருக்கு, காது விளிம்பில் பொருக்கு. காதைத் தேய்த்தேன், கால் உதைத்தது. சுரண்டினேன். இந்த முறை முதல் கண்ணாடித் தகட்டிலேயே சிற்றுண்ணி கிடைத்தது. உருண்டை உடம்பும் குட்டைக் காலுமாக நகர்ந்துகொண்டிருந்தது.

மாடியைவிட்டு இறங்காத நாய்க்கு நரிச் சொறி எப்படி வரும்?

"வேற எந்த நாயோட பழகுது, அனெட்?"

"எதுவும் இல்லையே."

"இருக்கணும். அதோட பழகின எல்லா நாய்க்கும் மருந்து குடுக்கணும். இல்லாட்டித் திரும்பத் திரும்ப வரும்."

அவள் மணிக்கட்டைச் சொறிந்தாள். சட்டைக் கை மேலேறியபோது சிவப்புத் தடிப்பு வரிசையாகத் தெரிந்தது. நான் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள்.

"டெஸ்தான்," என்றாள் மெதுவாக. "ட்ரெவர் போட்டி விஷயமா வருவாரு. மழையில வண்டியில கெடந்துச்சு, பாவம்னு உள்ள கூப்ட்டேன். அப்பறம் அதுவே சோபாவுல ஏறிப் படுத்துக்கும். டஃபிய அணைச்சுகிட்டு."

சோபாவிலா!

மருந்து எழுதினேன். படுக்கைத் துணியை எல்லாம் வெந்நீரில் துவைக்கச் சொன்னேன். மனிதர்கள் மேல் இது நிலைக்காது, நாய்க்குச் சரியானால் தானாகப் போய்விடும் என்றும் சொன்னேன். பில்லையும் போட்டுக் கொடுத்தேன்.

அவன் வேறொருத்தியிடம் போனான் என்பதுகூட அப்புறம். எங்கள் வாசற்படி தாண்டாத நாய், நான் தொட்டால் கெட்டுப்போகும் நாய், அவள் சோபாவில் படுக்குமா? அவள் கை பட்டால் கெடாதா? என் கை என்ன, விஷமா?

செப்டம்பர் 18, புதன்

காலையில் மேஜைமேல் மாத்திரையை வைத்தேன். "அனெட் வீட்டு டஃபிக்குச் சிரங்கு. டெஸ்கிட்டேர்ந்து. இத இப்பவே அதுக்குக் குடு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் ஒரு வார்த்தையாவது சொல்வான் என்று நின்றேன். கல்லுளிமங்கன். டீயை முடித்துவிட்டு வெளியே போனான்.

ராத்திரியும் மாத்திரை அங்கேயே இருந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

டெஸ் விழுந்துவிட்டது.

மதியம் ட்ரெவர் அதைக் கைகளில் ஏந்திக்கொண்டு க்ளினிக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தான். கால் நான்கும் துவண்டு, வாயில் எச்சில் வழிய, கண் விரிந்து— விளக்கைக் காட்டினால் பார்வையே இல்லை.

"என்ன குடுத்த?"

டெஸ்ஸை மேஜையில் கிடத்தினான்.

"ட்ரெவர், என்ன குடுத்த?"

"கொட்டகையில இருந்த ஆட்டு மருந்து. குடற்புழுவுக்கு ஊத்துவமே, அது. சொறிக்கும் கேக்கும்னு எங்கப்பா எல்லா நாய்க்கும் ஊத்துவாரு."

உங்கப்பா வைத்திருந்தது கெல்பி இன நாய்டா, கழுதை! இது கோலி இனம். கோலி ரத்தத்தில் பல நாய்களுக்கு அந்த மருந்து மூளைக்குள் போவதைத் தடுக்கும் வேலி கிடையாது. இதை எத்தனை விவசாயிகள் கூட்டத்தில் சொல்லியிருப்பேன்! அவன் பின்வரிசையில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருப்பான்.

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான்."

"எவ்வளவு?"

"ஆட்டுக்கு ஊத்துற பீச்சுக்குழாயில ஒரு இழுப்பு." அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நேத்து ஒண்ணு. அரிப்பு நிக்கலன்னு இன்னிக்குக் காலைல ஒண்ணு."

நாய் சாகக் கிடக்கும்போதும் பொய்தான் முதலில் வருகிறது. என் கையால் வைத்த மாத்திரையை எடுக்க மானம் இடம் கொடுக்கவில்லை. அதற்கு டெஸ் விலை. நானும் யோக்கியமில்லை. கேட்டு வாங்கட்டும் என்று இருந்தேனே. கறித்துண்டில் வைத்துப் போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

செப்டம்பர் 21, சனி

இந்த விஷத்துக்கு முறிவு இல்லை. நரம்பு வழியாகக் கொழுப்புக் கரைசல் ஏற்றினால் மருந்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். மற்றபடி காத்திருப்பதுதான். கெய்லீனும் நானும் மாறி மாறிப் புரட்டிப் படுக்கவைக்கிறோம். இமைக்க முடியாத கண்ணுக்குச் சொட்டு விடுகிறோம். பிழைக்குமா என்று ட்ரெவர் போனில் கேட்டான். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

செப்டம்பர் 24, செவ்வாய்

மாற்றமில்லை. க்ளினிக்கின் பின்னறையில்தான் படுக்கிறேன். டெஸ்ஸுக்காகத் தங்கியிருக்கிறேன் என்று ஊர் நினைக்கிறது. நினைக்கட்டும்.

செப்டம்பர் 26, வியாழன்

தலையைத் தூக்கிற்று!

செப்டம்பர் 30, திங்கள்

என் குரல் வந்த பக்கம் மூக்கைத் திருப்புகிறது. பார்வை திரும்பிக்கொண்டிருக்கிறது. கோழிக்கறியைக் கையிலிருந்தே தின்றது. காதோரம் நன்றாகத் தடவிக்கொடுத்தேன். கெட்டுப்போகட்டும். அழுதேன், கெய்லீன் பார்க்காதது போல் தரையைத் துடைத்தாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

டெஸ் எழுந்து நடக்கிறது. நேற்று அந்த மாத்திரையைக் கொடுத்தேன். இது கோலிக்கும் ஒத்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து இன்னொன்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் பிழைத்தது மறுபடி பெருகும்.

இன்று போட்டி. ட்ரெவரும் அனெட்டும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்களாம். மிஸஸ் டாய்ல் பூனைக்கு மருந்து வாங்க வந்தவள், மருந்தை மறந்துவிட்டு இதைச் சொல்லிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 11, வெள்ளி

ட்ரெவர் டெஸ்ஸைக் கூட்டிப்போக வந்தான். நிலம் அவன் அப்பாவுடையது, நாய் அவன் பெயரில். நான் திரும்பி வரப்போவதில்லை என்றேன். தெரியும் என்றான். இத்தனை வருஷத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.

"ரெண்டாவது மாத்திரை நவம்பர்ல," என்று நீட்டினேன். "மருந்தாலதான் அது சாகப் பாத்துச்சு. இனிமே மருந்தே வேண்டாம்" என்றான்.

வெளியே போய் ஒரு விசில் அடித்தான். என் காலடியில் படுத்திருந்த டெஸ் எழுந்து, இன்னும் சரியாக ஊன்றாத பின்கால்களோடு ஓடி, வண்டியில் தாவப் பார்த்து விழுந்து, மறுபடி தாவி ஏறிக்கொண்டது. ஒரு தரம்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாயிடம் வேறென்ன எதிர்பார்த்தேன்?

அக்டோபர் 19, சனி

அனெட் மாடியைக் காலிசெய்துவிட்டுப் பண்ணைக்கே போய்விட்டாளாம்.

நவம்பர் 6, புதன்

அனெட் போன் செய்தாள். டஃபிக்கு முடி வளர்ந்துவிட்டது என்றாள். சந்தோஷம் என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

"டெஸ் மறுபடி சொறியுது, நோலீன்."

"எங்க படுக்குது?"

"வெளிய, சங்கிலியில." குரலைத் தாழ்த்தினாள். "நேத்து மழைன்னு உள்ள கூப்ட்டேன். கத்திட்டாரு. வேலை நாய் வீட்டுக்குள்ள வரக்கூடாதாம். நான் தொட்டா கெட்டுப்போயிருமாம்."

எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"க்ளினிக்குக்கு வாங்க, மாத்திரை தரேன்," என்றேன். "கறித்துண்டுக்குள்ள வச்சுப் போடுங்க. அவன் பாக்காதப்ப."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சாயங்காலம் அவரு ஆடு எண்ணப் போவாரு," என்றாள் அனெட். "அப்பக் குடுத்தா சரியா?"