கதவு என்ற பெயரில் இரண்டு படங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும்.

முதலில் சிரிக்கிற விஷயம். நான் எழுதும் வாஷிங் மெஷின் கையேட்டில் படத்தைப் பக்கத்திலேயே பதித்துவிடலாம். இல்லையென்றால் கம்ப்யூட்டரில் அது இருக்கும் இடத்தை மட்டும் காட்டிவைக்கலாம். அங்கே படத்தை மாற்றினால் கையேட்டிலும் தானாக மாறிவிடும். பெரிய மேதாவி மாதிரி நான் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

நீ வாசல் கதவருகே நின்று அனுப்பிய போட்டோவை, வேலைக்கு நடுவே பார்க்கலாமென்று கையேட்டுப் படங்கள் இருக்கும் அதே இடத்தில் "கதவு" என்று சேமித்தேன். மெஷின் கதவின் படத்துக்கும் அதே பெயர். "பழையதை மாற்றவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டதைப் படிக்காமலே சரி என்று தட்டியிருக்கிறேன்.

இன்று கையேட்டை அச்சடித்துப் பார்க்கும் மாதிரிப் பிரதி வந்தது. "கதவை இறுக மூடவும்" என்ற வரிக்கு மேலே, பக்கம் முழுக்க நீ!

"யாருப்பா இது?" என்றார் மேலாளர்.

"எங்கம்மா சார்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அப்புறம்தான் பார்த்தேன். போனில் தெரியாதது பெரிய தாளில் பளிச்சென்று தெரிந்தது. முந்தானைக்குள் நீ ஒளித்த வலது கையில், ஓரமாக எட்டிப்பார்க்கும் மாவுக்கட்டு. தூக்கிவாரிப்போட்டது அம்மா. எப்போது விழுந்தாய்? யார் தலை வாரிவிடுகிறார்கள்?

கை முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு. இடைவேளை முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன் எழுத்து கோணுகிறது, கண்ணாடியை மாற்று என்று போன கடிதத்தில் உன்னைக் கேலி செய்தேனே. இடது கையாலா எழுதினாய்?

உன் சின்னவன்