பழைய பதிப்பு செய்ததுபோல

மார்ச் 4
வரைவு வந்துவிட்டது. ஆறாயிரம் பக்கம். தரநிலைக் குழுவில் வந்ததைப் படிக்கிறவர்கள் இரண்டே பேர்: நீதிமன்ற ஆவணக் காப்பகத்திலிருந்து நான், அச்சகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். எதிலும் காற்புள்ளி இடம் மாறியிருக்கிறது என்பார். அதனால் அவர் பெயரே காற்புள்ளி. ஆளுக்குப் பாதி.

அரசு அலுவலகங்கள் ஆவணங்களை எந்த வடிவத்தில் சேமிப்பது என்று நாங்கள் சொல்ல வேண்டும். யாருடைய மென்பொருளிலும் திறக்கும் பொது வடிவம் ஏற்கெனவே தரநிலையாக இருக்கிறது. இப்போது ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் தன் வடிவத்தையும் தரநிலையாக்கக் கேட்கிறது. அதன் வரைவுதான் இது.

மார்ச் 10
ஒரு வரியில் நின்றுவிட்டேன். "எழுத்து இடைவெளியைப் பழைய பதிப்பு செய்ததுபோலச் செய்யவும்." அவர்கள் மென்பொருளின் பழைய பதிப்பு எப்படிச் செய்தது? ஆறாயிரம் பக்கத்தில் எங்குமே இல்லை!

காற்புள்ளி சிரித்தார். "எங்கம்மா சமைக்கிற மாதிரி சமைன்னு எழுதி வச்சா அது சமையல் குறிப்பாம்மா?"

மார்ச் 18
இன்று வரைவின்மேல் முதல் வாக்கெடுப்பு.

எப்போதும் பாதி மேசை காலியாகக் கிடக்கும் அறையில் இன்று உட்கார நாற்காலி இல்லை. சுவரோரம்வரை புது உறுப்பினர்கள். எல்லோரும் அந்த நிறுவனத்தின் விற்பனை முகவர்கள். "ஓட்டு எப்போ சார்? கடைக்குப் போகணும்" என்கிறார் ஒருவர்.

ஜன்னலோரம் டை கட்டிக்கொண்டு என் தம்பி. என் கூடப்பிறந்தவன்.

எங்கள் ஆட்சேபங்களைப் படிக்கவே விடவில்லை. "அதான் எழுத்துல குடுத்திருக்கீங்கல்ல" என்றார் தலைவர். கை தூக்கச் சொன்னார். தம்பியின் கையும் எழுந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை.

நிறைவேறியது. அடுத்த மாதம் உறுதிசெய்யும் வாக்கெடுப்பு. அதுவரை யாரும் மனம் மாறலாம் என்று விதி. யார் மாறப்போகிறார்கள்?

மார்ச் 19
தம்பி வீட்டுக்கு வந்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ விட்டிருப்பியா? ஏஜென்சி அவங்க குடுத்தது அக்கா. கமிட்டில சேரு, கை தூக்குன்னாங்க. தூக்கினேன்."

"படிச்சியா?"

"ஒரு பக்கம்கூட இல்ல."

இதைச் சொல்ல அவனுக்குக் கூச்சமே இல்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது. போடா என்று கதவைச் சாத்திவிட்டேன்.

மார்ச் 23
அம்மா போன். "கம்ப்யூட்டருக்காகவா தம்பிகிட்ட பேசாம இருக்கே?" பேசுகிறேன் என்றேன். பேசவில்லை.

ஏப்ரல் 6
தம்பி போன் செய்தான். குரலே சரியில்லை.

ஒரு குழந்தைகள் கிளினிக்குக்குப் புதுக் கணினிகளும் மென்பொருளின் புதுப் பதிப்பும் போட்டுக் கொடுத்திருக்கிறான். அவர்கள் பழைய மருந்தளவு அட்டவணையை அதில் திறந்து, அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பழைய பதிப்பில் இடைவெளி விசையைத் தட்டித் தட்டி எண்களை வரிசைகட்டிய ஆவணம் அது. புதுப் பதிப்பில் இடைவெளி சுருங்கி, எண்கள் ஒரு பத்தி தள்ளிப்போய் நின்றிருக்கின்றன. கைக்குழந்தைக்கு நேரே பெரிய பிள்ளைகளுக்கான அளவு.

"ஊசியில மருந்து ஏத்தியாச்சு அக்கா. டாக்டரம்மா தற்செயலா வந்து பாத்திருக்காங்க. இல்லன்னா..."

"குழந்தைக்கு?"

"ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகல அக்கா." அழுதுவிட்டான்.

நிறுவனத்தைக் கூப்பிட்டானாம். பழைய பதிப்பின் இடைவெளி இதில் அப்படியே வராது, திரும்ப அடிக்கச் சொல்லுங்கள் என்றார்களாம். அவர்கள் மென்பொருளுக்கே தெரியாததையா ஊரையெல்லாம் செய்யச் சொல்கிறார்கள்?

"அதப்பத்தி ஏதோ எழுதிக் குடுத்தியே, அது எந்தப் பக்கம் அக்கா?"

ஏப்ரல் 18
உறுதிசெய்யும் வாக்கெடுப்பு. கை தூக்கும் முன் தம்பி எழுந்து அந்த வரியைப் படித்தான். கிளினிக்கில் நடந்ததைச் சொன்னான். அது தானே போட்டுக் கொடுத்த கணினி என்பதையும் மறைக்கவில்லை. பிறகு நிறுவனத்தின் ஆளைப் பார்த்து, "பழைய பதிப்பு எப்படிச் செஞ்சதுன்னு சொல்லுங்க சார். எழுதிக்கிறோம்."

அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "அது எங்க உள்விவகாரம்."

இதைக் கேட்ட பிறகுமா கை தூக்குவார்கள்? ஆமாம், பிறகும்தான். தலைவர் சொன்னதும் கைகள் எழுந்தன. சிலர் மேசையைப் பார்த்தபடி தூக்கினார்கள். எதிர்த்தவர்கள் நாங்கள் மூன்று பேர்.

படியிறங்கும்போது காற்புள்ளி சொன்னார்: "ஒரே வேலைக்கு ரெண்டு தரநிலை. தரமும் போச்சு, நிலையும் போச்சு."

ஏப்ரல் 21
தம்பியின் ஏஜென்சி ரத்து. மின்னஞ்சலில் இரண்டே வரி.

மே 9
விடுப்பு போட்டுவிட்டுத் தம்பி கடைக்குப் போனேன். நிறுவனத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றினோம். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பலகை இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாக இருக்கிறது. கிளினிக்கின் ஆவணங்களையெல்லாம் பொது வடிவத்துக்கு மாற்றும் வேலையை டாக்டரம்மா இவனுக்கே கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு எண்ணையும் பழைய தாளோடு ஒப்பிட வேண்டும். அவன் வாசிக்க வாசிக்க நான் சரிபார்த்தேன்.

நடுவில் ஒருவர் வாசலில் நின்று வெறுஞ்சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா, கடைய மூடியாச்சா?"

"இல்லண்ணே, திறந்துதான் இருக்கு. வாங்க" என்றான் தம்பி.